கல்லால் கல்லை இடித்தல்: அஸ்வானின் முடியாத ஒபெலிஸ்க்கைப் புரிந்துகொள்ள ஒரு செய்முறை

எகிப்தின் தெற்கே, அஸ்வான் நகரத்தை ஒட்டிய பழைய கிரானைட் குவாரியில் ஒரு ஒபெலிஸ்க் பாறையோடு பாறையாகப் படுத்துக் கிடக்கிறது. நான்கு பட்டையாக எழும்பி, உச்சியில் சின்ன பிரமிடு போலக் கூராக முடியும் ஒற்றைக்கல் தூணுக்குத்தான் அந்தப் பெயர். இதன் நீளம் கிட்டத்தட்ட 42 மீட்டர். முழுதாக வெட்டி எடுத்திருந்தால் எடை 1,100 டன் அளவுக்கு வந்திருக்கும். இன்று நிற்கும் எகிப்திய ஒபெலிஸ்க்குகளில் மிக உயரமானது ரோமில், லாத்தரன் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அதுவே சுமார் 32 மீட்டர்தான்.

அஸ்வான் தூணைச் சுற்றி அகழி தோண்டிவிட்டார்கள். மேல்முகத்தையும் ஓரளவு சமன் செய்துவிட்டார்கள். அடிப்பக்கம் மட்டும் தாய்ப்பாறையை விட்டுப் பிரியவில்லை. அதற்குள் கல்லில் விரிசல் ஓட, வேலை நின்றுபோனது. யார் சொல்லி வெட்டியது என்று கல்லில் எழுத்து எதுவும் இல்லை. 18ஆம் வம்சத்தைச் சேர்ந்த அரசி ஹட்செப்சுட் காலத்தது என்பதுதான் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. அப்படியானால் வயது ஏறத்தாழ 3,500 ஆண்டு.

அந்தக் குவாரியைப் போய்ப் பார்த்தபோது என்னை நிறுத்தியது தூணின் அளவு அல்ல, அகழியின் சுவர். கரண்டியால் தயிரை வழித்தெடுத்த மாதிரி, பக்கம் பக்கமாகக் குழிவான தடங்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அகழியின் தரையிலும் அதே அலை. உளியின் கோடு எங்கும் தெரியவில்லை. கூரான மூலை ஒன்றுகூட இல்லை. எல்லா மூலையும் உருண்டிருக்கிறது. இரும்புக் கருவி புழக்கத்தில் இல்லாத காலம் அது. இருந்தது செம்பும் வெண்கலமும். உளியால் வெட்டியிருந்தால் இந்த வடிவம் வந்திருக்காது. கல்லை உருண்டைக் கல்லால் இடித்து இடித்துப் பொடியாக்கி இறக்கினால்தான் இப்படி வரும். குவாரி முழுக்க டோலரைட் என்ற கரிய பாறையின் உருண்டைகள் சிதறிக் கிடந்ததையும் தோண்டியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை நான் பல இடங்களில் படித்திருந்தேன். படித்ததோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் இடித்தால் எவ்வளவு கல் போகும், கை என்ன ஆகும், அந்தக் குழிவுத் தடம் தானாக வருகிறதா, இதையெல்லாம் கையால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஊருக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் கல். கடையில் விற்கும் தரைப்பலகை இதற்கு உதவாது. அது இரண்டு சென்டிமீட்டர் தடிமன்தான், நாலு அடியில் பிளந்துவிடும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் பெரிய பாளத்தை மெஷினில் ஏற்றுவதற்கு முன் ஓரங்களைச் சீவித் தள்ளுவார்கள். அந்தக் கழிவுக் குவியலில் இருந்து, ரோஸ் நிறத்தில் பெரிய பெரிய படிகங்களோடு இருந்த ஒரு துண்டை எடுத்தேன். அரை மீட்டர் நீளம், ஒரு சாண் கனம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். அஸ்வான் கிரானைட்டும் இதே குணம்தான்: சிவந்த ஃபெல்ஸ்பார் படிகங்கள் பெரிதாக, இடையிடையே குவார்ட்ஸ், கருப்பு மைக்கா.

இடிக்கும் கல்லும் அதே குவியலில் கிடைத்தது. நம் கடைகளில் 'கருப்பு கிரானைட்' என்று விற்கிறார்களே, அதில் பெரும்பகுதி புவியியல் கணக்குப்படி கிரானைட்டே இல்லை. டோலரைட், கேப்ரோ வகைப் பாறைகள். எகிப்தியர்கள் கையில் எடுத்ததும் டோலரைட்தான் என்பதால், இந்தச் சோதனைக்குத் தமிழ்நாடு நல்ல இடம். கைக்கு அடங்குகிற மாதிரி, மூலைமுடுக்கோடு ஒழுங்கற்ற வடிவில் இருந்த நாலைந்து துண்டுகளைப் பொறுக்கினேன். பெரியது ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அஸ்வானில் கிடைத்தவற்றின் சராசரி எடை ஐந்தரை கிலோ அளவு.

ஏன் டோலரைட் என்று கேட்கலாம். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, ஃபெல்ஸ்பாருக்கு 6, செம்புக்கு 3. டோலரைட் ஒன்றும் குவார்ட்ஸைக் கீறிவிடும் கல் இல்லை. அதன் பலம் வேறு. உள்ளே நுண்ணிய படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் அடி வாங்கினால் எளிதில் உடையாது. கிரானைட்டில் படிகங்கள் பெரியவை. ஃபெல்ஸ்பாருக்கு எளிதாகப் பிளக்கும் தளங்கள் உண்டு. குவார்ட்ஸ் கண்ணாடி போல நொறுங்கும். ஆக, இந்த வேலையில் எது கடினமான கல் என்பதைவிட எது உடையாத கல் என்பதுதான் முக்கியம்.

சாமான் வேறு அதிகம் இல்லை. கிரானைட் துண்டுக்கு அடியில் ஒரு சாண் மணல் மெத்தை. தரையில் நேரடியாக வைத்தால் அடி சீராக இறங்காது. ஒரு துடைப்பம், ஒரு தட்டு, சமையலறைத் தராசு, ஆழம் பார்க்க நேர்கோல். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்-95 முகக்கவசம். இந்தக் கடைசி இரண்டும் இல்லாமல் யாரும் இதைத் தொடக்கூடாது. கிரானைட் பொடியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கல்வேலை செய்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணமே அதுதான். அகழிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்து இடித்த அந்த மனிதர்கள் எவ்வளவு தூசியை விழுங்கியிருப்பார்கள் என்ற நினைப்பு வேலை முழுக்க என்னை விடவில்லை.

கல்லின் மேல் 15 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைச் செங்காவியால் வரைந்தேன். அஸ்வான் அகழிச் சுவரிலும் செங்காவிக் கோடுகள் இருக்கின்றன. மேற்பார்வை செய்தவர்கள் முழக்கோலை வைத்து ஆழம் அளந்து குறித்தவை அவை. அப்புறம் இரண்டு கையாலும் டோலரைட்டைத் தூக்கி, முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, விட்டேன்.

விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓங்கி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். கல்லின் எடையே வேலையைச் செய்யட்டும் என்று விட வேண்டும்; அது கிரானைட்டில் பட்டதும் துள்ளி எழும்பும்; எழும்பும்போது பிடித்து மறுபடி விட வேண்டும். இந்தத் துள்ளல் பெரிய உதவி. தூக்குகிற பாரத்தில் ஒரு பங்கைக் கல்லே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் கல்லைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் புதிய மூலை கீழே வரும். இந்தத் தாளம் கைக்குப் பழகியபின் பேசிக்கொண்டே இடிக்க முடிந்தது.

முதல் சில அடிகளில் ஒன்றும் நடக்கவில்லை போலத் தெரியும். பளபளப்பு போய் வெள்ளைப் புள்ளி விழும், அவ்வளவுதான். அந்த வெளுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அடிபட்ட இடத்தில் படிகங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அதே இடத்தில் மறுபடி மறுபடி விழும்போது மேல்தோல் திடீரென்று மாவாக உதிரும். சத்தமும் மாறும்: புதுப்பரப்பில் கணீரென்று ஒலிக்கிற கல், நொந்த இடத்தில் மொத்தென்று ஒலிக்கும். கொஞ்ச நேரத்தில் கண்ணைவிடக் காதை நம்பித்தான் இடித்தேன்.

உதிர்ந்த பொடியை அடிக்கடி கூட்டிவிட வேண்டும். அரை விரல் கனம் சேர்ந்தால் போதும், அடுத்த அடி அதிலேயே அமுங்கிவிடுகிறது. தண்ணீர் தெளித்தால் தூசி அடங்குகிறது, ஆனால் பொடி சேறாகி ஒட்டிக்கொண்டு அடியை மென்று விடுகிறது. அதனால் உலர்ந்த இடி, அடிக்கடி கூட்டல் என்று வைத்துக்கொண்டேன். அஸ்வானிலும் இடிப்பவனுக்குப் பக்கத்தில் பொடி அள்ளுகிறவன் ஒருவன் கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

ஓய்வையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் சதுரம் சராசரியாக 4 மில்லிமீட்டர் இறங்கியது. கூட்டி அள்ளிய பொடி 220 கிராம்; பறந்துபோனதைச் சேர்த்தால் கணக்கு சரியாக வரும், 90 கன சென்டிமீட்டர். பிறகு ஒன்று புரிந்தது. சமதளத்தில் இடிப்பதைவிட மேட்டில் இடித்தால் கல் வேகமாகப் போகிறது. இரண்டு பக்கம் குழி இறக்கி நடுவே வரப்பு மாதிரி விட்டால், அந்த வரப்புக்குப் பக்கத் தாங்கல் இல்லாததால் துண்டாகவே பெயர்ந்து வருகிறது. இப்படி மாற்றியதும் அதே நேரத்தில் 6 மில்லிமீட்டர் வந்தது. குழி, வரப்பு, குழி, வரப்பு என்று என் சதுரத்தில் விழுந்த அலை, அஸ்வான் அகழித் தரையின் அலைதான். அதை யாரும் அழகுக்காகச் செய்யவில்லை; வேலையின் வேகம் அந்த வடிவத்தைக் கேட்கிறது.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கல்தச்சர் வந்து பார்த்தார். சின்ன வயதில் ஊர் ஊராகப் போய் அம்மி கொத்தியவர். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது வெட்டு வேலை இல்ல தம்பி, மாவு வேலை. உளி கல்லைப் பொளிச்சு எடுக்கும், இது கல்லைத் தின்னுது" என்றார். பிறகு கல்லை வாங்கி அவரே இடித்தார். தோளை அசைக்காமல், இடுப்பிலிருந்து எழும்பி விழுகிற மாதிரி அவர் விட்ட அடியில் என்னைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு பொடி வந்தது. "எப்படிண்ணே?" என்று கேட்டேன். "கல்லு எங்க போகணும்னு அதுக்கே தெரியும், நீ தடுக்காம இருந்தா போதும்" என்றார்.

டோலரைட் உருண்டைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். தொடங்கும்போது அது உருண்டையே இல்லை, முனைகளோடு இருந்தது. அந்த முனைகள்தான் நன்றாகக் கடித்தன. இடிக்க இடிக்க முனைகள் மழுங்கி, கல் தானாக உருண்டது. உருண்ட பிறகு வேகம் குறைந்தது. அஸ்வானில் கிடைக்கும் நல்ல வட்ட உருண்டைகளைப் பார்த்து 'எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்' என்று வியப்பவர்கள் உண்டு. என் கையில் இருந்ததை வைத்துச் சொல்கிறேன்: அந்த வட்டம் யாரும் செய்து கொடுத்த வடிவம் இல்லை, வேலை செய்து ஓய்ந்த வடிவம். என்னுடைய துண்டுகளில் ஒன்று நடுவே பிளந்தும் போனது. குவாரியிலும் இப்படிப் பிளந்த உருண்டைகள் உண்டு.

சரி, இந்த வேகம் போதுமா? இதைத்தான் மிகவும் ஆவலோடு கணக்குப் போட்டேன்.

1921, 1922ஆம் ஆண்டுகளில் இந்த ஒபெலிஸ்க்கைச் சுற்றி இருந்த மண்ணை அகற்றி ஆராய்ந்தவர் ரெஜினால்ட் எங்கல்பாக். பொறியியல் அறிந்த எகிப்தியல் அறிஞர். அவரே டோலரைட்டை எடுத்து அகழியில் ஒரு மணி நேர அளவுக்கு இடித்துப் பார்த்து, சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியதாகக் குறித்தார். பின்னாளில் மார்க் லேனர் என்ற எகிப்தியல் அறிஞர் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் சுமார் 2 சென்டிமீட்டர் ஆழம் இறக்க ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டார். மணிக்கு 360 கன சென்டிமீட்டர் என்று வருகிறது. என்னுடைய சிறந்த வேகம் 135. என் கைக்கும் பழகிய கைக்கும் உள்ள தூரம் அது.

அகழியின் அகலம் சுமார் 75 சென்டிமீட்டர். சுவரில் உள்ள தடங்களை வைத்து, ஒரு ஆளின் பங்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளம் என்று எங்கல்பாக் கணித்தார். அதாவது ஒருவருக்கு 4,500 சதுர சென்டிமீட்டர் தரை. தூணின் அடிப்பக்க அகலம் 4.2 மீட்டர், அதைத் தாண்டி அடியில் குடைய இடமும் வேண்டும் என்பதால் அகழியின் ஆழத்தை நாலரை மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒருவர் பொடியாக்க வேண்டிய கல் இரண்டு கன மீட்டர். ஐந்து டன்னுக்கு மேல். லேனரின் வேகத்தில் 5,600 மணி நேரம். என் வேகத்தில் 15,000.

இந்த எண்ணைப் பார்த்து மலைத்துப் போக வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் ஒரு அதிசயம் இருக்கிறது: தூணின் நீளம் இதில் எங்குமே வரவில்லை. 42 மீட்டர் தூணைச் சுற்றி வந்தால் 90 மீட்டர். அறுபது சென்டிமீட்டருக்கு ஒருவர் என்றால் 150 பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம். எல்லோரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள், ஒன்றாக இறங்குகிறார்கள். ஒரு ஆள் தன் குழியை முடிக்க எவ்வளவு காலமோ, அவ்வளவு காலத்தில் அகழி முழுவதும் முடியும். தூண் இரட்டிப்பு நீளமானால் ஆட்கள் இரட்டிப்பாகும், காலம் மாறாது. காலத்தை நிர்ணயிப்பது ஆழம் மட்டும்தான். முறை வைத்து இரவும் பகலும் ஓயாமல் இடித்தால் 5,600 மணி நேரம் என்பது எட்டு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இதைச் சோதிக்க ஒரு நல்ல சாட்சி உண்டு. கர்னாக் கோயிலில் இன்றும் நிற்கும் ஹட்செப்சுட்டின் ஒபெலிஸ்க் 29.5 மீட்டர் உயரம், எடை 320 டன் அளவு. மலையிலிருந்து அதை வெட்டி எடுக்க ஏழு மாதம் ஆனது என்று அதன் பீடத்திலேயே எழுதி வைத்திருக்கிறாள். ஏழு மாதமா, வெறும் பெருமைப் பேச்சு என்று நினைக்கத் தோன்றும். அதன் அடிப்பக்கம் சுமார் இரண்டரை மீட்டர் என்பதால் அகழி இரண்டே முக்கால் மீட்டர் இறங்கினால் போதும். ஒருவர் பங்கு 1.24 கன மீட்டர். லேனர் வேகத்தில் 3,400 மணி நேரம். ஏழு மாதத்தில் நாளுக்கு 16 மணி நேரம் வருகிறது. இரண்டு ஷிப்ட். பழகிய கைகள் இன்னும் வேகமாக இடித்திருந்தால் அடியைக் குடையவும் நேரம் மிஞ்சியிருக்கும். அந்தக் கல்வெட்டை நான் இப்போது முழுதாக நம்புகிறேன்.

அடியைக் குடைவது பற்றி. என் துண்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, கிடைமட்டமாக இடித்துப் பார்த்தேன். இங்கே வேலையின் குணமே மாறிவிடுகிறது. மேலிருந்து விடும்போது கல்லின் எடை நமக்காக உழைத்தது. பக்கவாட்டில் ஒவ்வொரு அடிக்கும் தோள்தான் கூலி கொடுக்க வேண்டும். துள்ளலும் உதவுவதில்லை, கல் திரும்பி நெஞ்சை நோக்கித்தான் வருகிறது. இரண்டு கிலோ கல்லுக்கு இறங்கிவந்தேன். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. உருண்டையைக் கட்டையின் முனையில் பொருத்தி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து இடித்திருக்கலாம் என்று எங்கல்பாக் கருதினார். பக்கவாட்டு வேலைக்கு அது பொருந்தும் என்றே படுகிறது. ஒரு மரக்கட்டையில் கல்லைத் தோல்வாரால் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு ஊஞ்சல் போல மோதவிட்டபோது பாரம் பாதியாகக் குறைந்தது. படுத்தபடி, தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான டன் கல் இருக்க, இப்படி இடித்துக் குடைந்தவர்களின் நெஞ்சுறுதியை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இடித்ததோடு நிற்காமல் செம்பு வாளால் அறுத்தும் பார்த்தேன். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மில்லிமீட்டர் தடிமன் செம்புத் தகடு, பல் கிடையாது, மேலே மரப்பிடி. கல்லின் மேல் சலித்த ஆற்று மணலைத் தூவி, தகட்டை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கல்லை அறுப்பது செம்பு அல்ல, மணலில் உள்ள குவார்ட்ஸ். செம்பு அதை ஏந்திக்கொண்டு போகிற வண்டிதான். 20 சென்டிமீட்டர் நீள வெட்டு ஒரு மணி நேரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் இறங்கியது. வெட்டின் இரு சுவரிலும் இணைகோடுகள் விழுந்தன. பெரிய பிரமிடுக்குள் உள்ள கிரானைட் பேழையிலும் வாள் தடங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே தொல்லியல் அறிஞர் பிளிண்டர்ஸ் பெட்ரி அவற்றைப் பதிவு செய்தார். டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற ஆய்வாளர் செம்பு வாளையும் குழாய்த் துளைப்பானையும் மணலோடு பயன்படுத்தி அஸ்வான் கிரானைட்டிலேயே அறுத்தும் துளைத்தும் காட்டியிருக்கிறார்.

அப்படியானால் ஒபெலிஸ்க்கையே வாளால் அறுத்திருக்கலாமே? தகட்டைக் கழுவி எடை பார்த்தபோது விடை தெரிந்துவிட்டது. கல் தேய்ந்ததோடு செம்பும் கண்கூடாகத் தேய்ந்திருந்தது. செம்பு அன்று விலைமதிப்புள்ள பொருள். டோலரைட்டோ குனிந்து பொறுக்கினால் கிடைக்கும். அதோடு, வாளை இழுக்க இரண்டு பக்கமும் இடம் வேண்டும். தரைக்குள் புதைந்த பாறையில் அந்த இடம் எங்கே இருக்கிறது? அகழி இறங்கிய பிறகுதான் வரும். ஆகவே குவாரியில் இடி, பட்டறையில் வாள் என்று வேலை பிரிந்தது இயல்பாக நடந்த ஒன்று.

நெருப்பு இன்னொரு துணை. அஸ்வான் குவாரியில் பாறையின் மேல்பகுதியை எரித்து நொய்வித்த தடயங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். என் கல்லின் ஒரு மூலையில் அடுப்புக்கரியைக் குவித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, நல்ல தூரத்தில் நின்று எரியவிட்டேன். சூடேறும் கிரானைட் சில்லுகளாக வெடித்துத் தெறிக்கும். பக்கத்தில் நிற்கக் கூடாது. 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி அது சட்டென்று விரிகிறது, அக்கம்பக்கத்துப் படிகங்களை நெட்டித் தள்ளுகிறது. ஆறிய பிறகு டோலரைட்டை விட்டால், மேல் ஒரு விரற்கடை கனம் அப்பளம் போல் நொறுங்கி வந்தது. இடியால் மட்டும் அந்த ஆழம் போக மணிக்கணக்காகும். ஆனால் அதற்கும் கீழே, நல்ல கல்லுக்குள், மெல்லிய விரிசல்கள் இறங்கியிருந்தன. ஈரத்துணியால் துடைத்துவிட்டு உலரவிட்டால் அந்தக் கோடுகள் கடைசியில்தான் உலரும், அப்போது தெளிவாகத் தெரியும். மேலே உள்ள வீண் பாறையைக் கழிக்க நெருப்பு சரி. தூணாகப் போகிற கல்லின் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது.

விரிசல்தான் அஸ்வான் தூணைத் தோற்கடித்தது. வேலை தொடங்குமுன் பாறைக்குள் சோதனைக் குழிகள் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். இயற்கையான வெடிப்பு ஓடும் இடத்தைத் தவிர்க்கத் தூணின் கோட்டை மாற்றி வரைந்திருக்கிறார்கள். அதையும் மீறி வெடிப்பு வந்தபோது உடனே விட்டுவிடவில்லை. அதே கல்லின் மேல் இன்னும் சிறிய ஒபெலிஸ்க் ஒன்றின் கோடுகளைப் போட்டு, இதையாவது மீட்டுவிடலாமா என்று பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளும் அங்கே கிடக்கின்றன. நூற்றைம்பது பேர் அமர்ந்திருந்தால் ஏறத்தாழ 800 டன் பொடி அள்ளியிருக்க வேண்டிய வேலை. அந்த உழைப்பில் எவ்வளவு முடிந்த பிறகு இந்த முடிவை எடுத்தார்கள் என்பதை அகழியைப் பார்த்தாலே தெரிகிறது. கருவி போதாமல் நின்ற வேலை அல்ல இது. கருவி போதுமானதாகத்தான் இருந்தது, கல் ஒத்துழைக்கவில்லை.

அந்த வட்டாரத்து குவாரிகளில் வரிசையாக ஆப்புக் குழிகளையும் காணலாம். அதில் மரத்தைச் செருகித் தண்ணீர் ஊற்றி ஒபெலிஸ்க்கைப் பிளந்தார்கள் என்று சிலர் விளக்குவதுண்டு. அந்தக் குழிகள் இரும்புக் கருவி வந்த பிந்தைய காலத்தவை. ஹட்செப்சுட் காலத்து வேலையோடு அவற்றைச் சேர்க்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு கலப்புதான் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிய பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் சில குறிப்புகள். மூலைகள் உள்ள டோலரைட்டையே எடுங்கள். உருண்டையாகக் கிடைத்தால் அதைச் சமன் செய்யும் கடைசி வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய எகிப்திய நகரமான தீப்ஸில் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியத்தில், சாரம் கட்டிச் சிலைகளின் மேல் நின்று உருண்டைக் கல்லால் முகம் தேய்க்கிறவர்களைக் காணலாம். அந்த மென்மையான வேலைக்கு உருண்டைதான் பொருத்தம். நாலு கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். கெட்டிக் கையுறை போடுவதைவிட உள்ளங்கையில் துணி சுற்றிக்கொள்வது மேல். கல் துள்ளும்போது பிடி தளர வேண்டும். முழங்காலில் சாக்கு கட்டிக்கொள்ளுங்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி உட்காருங்கள். பொடியை வாரிப் பையில் கட்டி எடை பார்த்து எழுதி வையுங்கள். ஆழத்தை அளப்பதைவிட அதுதான் நம்பகமான கணக்கு.

எனக்கு அடுத்த வேலை இரண்டு ஆள் சோதனை. கல்தச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரே வரப்பை மாறி மாறி இடித்தால் வேகம் இரட்டிப்பாகிறதா, அதற்கும் மேலே போகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் இன்னும் பெரிய துண்டு ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன்.